கடைசி வாங்குப் பிள்ளைக்கு நாம் பட்ட கடன்



நானுஓயாவிலிருந்து பதுளை நோக்கி மூச்சிரைக்க ஏறும் புகையிரதம் அம்பேவளையைத் தாண்டிப் பட்டிப்பொலவில் வந்து நிற்கிறது. இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் இருப்பது இதுவே. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 6,200 அடி. ஹோட்டன் சமவெளிக்குச் செல்லும் உல்லாசப் பயணிகள் இங்கே இறங்குவார்கள். குளிருக்குக் கைகளைத் தேய்த்துக்கொண்டு, பெயர்ப் பலகைக்கு அருகே நின்று படம் பிடிப்பார்கள். பிறகு போய்விடுவார்கள். பனி விலகாத காலையில், உருளைக்கிழங்குப் பாத்திகளுக்கும் கரட், லீக்ஸ் தோட்டங்களுக்கும் நடுவே, கொப்பிகளை நெஞ்சோடு அணைத்தபடி பாடசாலைக்கு நடக்கும் பிள்ளைகளை அவர்கள் காண்பதில்லை. நாம் காண்கிறோமா?

அப்பிள்ளைகளுள் ஒருவனை மனக்கண்முன் நிறுத்துவோம். பெயர் வேண்டாம், நம் மலைநாட்டில் எந்தத் தோட்டத்திலும் அவன் இருப்பான். நான்காம் தரம் படிக்கிறான். அவனுடைய இடம் கடைசி வாங்கு. கரும்பலகையில் உள்ளதை அச்சுப்போலக் கொப்பியில் இறக்கிவிடுவான். "எங்கே, எழுதியதை வாசி" என்றால் மட்டும் தலைகுனிந்து நிற்பான். ஒருநாள் அவனுடைய தாய், அரைநாள் பேரை இழந்து, கொழுந்துக் கறை படிந்த கைகளோடு பாடசாலைக்கு வருகிறாள். "என்னங்க டீச்சர் செய்யிறது? அவனுக்குப் படிப்பு ஏறாதுங்க. அவங்க அப்பாவுக்கும் அப்படித்தான்" என்கிறாள். டீச்சர் மறுத்துப் பேசவில்லை. "சரிங்கம்மா, நாளு தவறாம அனுப்பி வையுங்க" என்று மட்டும் சொல்கிறார்.

படிப்பு ஏறாது! இரண்டே சொற்கள். ஆனால் அது ஒரு தீர்ப்பு. கோழி திருடியவனைக்கூட விசாரித்த பின்னரே தண்டிக்கிறது நாட்டின் சட்டம். ஒன்பது வயதுப் பாலகனுக்கோ விசாரணையின்றியே ஆயுள் தண்டனை கிடைத்துவிடுகிறது. அதைச் சொன்னவர் பகைவருமல்லர், பெற்ற தாய். கேட்டுக்கொண்டு நின்றவர் அவனுடைய ஆசிரியை. அதை நம்பிவிட்டவன் அவனே.

இப்படிச் சொல்ல நமக்கு உரிமை உண்டா? உரிமை இல்லையென்றால் அப்பிள்ளைக்கு நாம் பட்டிருக்கும் கடன் என்ன? இவ்விரு கேள்விகளையும் பற்றியே இன்று உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறோம்.

பழைய தீர்ப்பு

இத்தீர்ப்பு நேற்று எழுதப்பட்டதன்று. 1945ல் இந்நாட்டில் இலவசக் கல்வி மலர்ந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வேலிக்கு வெளியே நின்றன. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி என்பதே நம் பாட்டன்மார் கண்ட பள்ளி. கொழுந்து பறிக்க எழுத்து எதற்கு என்று துரைமார் நினைத்தார்கள். காலப்போக்கில் நம்மவரும் அப்படியே நினைக்கப் பழகிக்கொண்டார்கள். வயது வந்ததும் செக்ரோலில் பெயர் பதிவதே பிள்ளையின் முன்னேற்றம் என்று எண்ணியிருந்த காலம் அது. 1977 முதல் அரசு தோட்டப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. கட்டடங்கள் வந்தன, ஆசிரியர்கள் வந்தார்கள், நம் பிள்ளைகளுள் பலர் பல்கலைக்கழகம்வரை ஏறினார்கள். அவர்களைக் கண்டு பெருமைப்படுகிறோம்.

ஆயினும் ஏறியவர்களை எண்ணி மகிழும் நாம், ஏறாமல் நின்றவர்களை எண்ணிப் பார்ப்பதில்லை. 2020லும் 2021லும் கொள்ளைநோய்க் காலத்தில் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2022ல் எரிபொருள் தட்டுப்பாடு வந்து மீண்டும் கதவடைத்தது. பட்டணத்துப் பிள்ளை கைபேசியில் பாடம் கேட்டது. நம் பிள்ளையின் வீட்டில் ஒரே கைபேசி. அதுவும் தகப்பனோடு வேலைக்குப் போய்விடும். பாடசாலை திறந்தபோது வயதுக்கேற்ற வகுப்பில் பிள்ளையை உட்கார வைத்தார்கள். வயது ஏறியிருந்தது, எழுத்து ஏறியிருக்கவில்லை. விட்டுப்போன படிகளை யாரும் கட்டித் தரவில்லை. இல்லாத படியில் கால் வைக்க முடியாமல் நின்ற பிள்ளையைப் பார்த்தே "ஏறாது" என்கிறோம்.

சீட்டுக் குலுக்கிக் கண்ட உண்மை

மெய்யாகவே ஏறாதா? இது வெறும் அபிப்பிராயத்துக்கு விட வேண்டிய கேள்வியன்று. சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

பிரதம் என்னும் இந்தியத் தொண்டு நிறுவனம் மும்பாய், வடோதரா ஆகிய நகரங்களின் மாநகராட்சிப் பள்ளிகளில் ஒரு திட்டத்தை நடத்தியது. சேரிப்புறத்து ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் அவை. வகுப்பில் மிகவும் பின்தங்கிய பதினைந்து, இருபது பிள்ளைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் வேறாக அழைத்துச் சென்று, எழுத்தையும் எண்ணையும் அடியிலிருந்து கற்பிப்பதே திட்டம். கற்பித்தவர்கள் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் அல்லர். அதே அயலில் வாழ்ந்த, உயர்தரப் பள்ளிப் படிப்பை முடித்த இளம் பெண்கள். பயிற்சி இரண்டு வாரம். மாதச் சம்பளம் 500 முதல் 750 இந்திய ரூபாய். பிள்ளையின் தோழி என்ற பொருளில் அவர்களை "பால்சகி" என்று அழைத்தார்கள்.

பலன் உண்டா என்று அறிய அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலிய பொருளியல் அறிஞர்கள் 2001 முதல் 2003 வரை ஆராய்ந்தார்கள். அவர்கள் கையாண்ட முறை எளியது, நியாயமானது. பள்ளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு மூன்றாம் வகுப்பில் தோழி. மறு பாதிக்கு நான்காம் வகுப்பில் தோழி. ஆகவே எந்தப் பள்ளியும் வெறுங்கையோடு நிற்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கவும் வழி கிடைத்தது. 15,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். தோழி வந்த வகுப்பின் மதிப்பெண் உயர்ந்திருந்தது. இரண்டாம் ஆண்டில் முதலாம் ஆண்டைவிட இரு மடங்கு உயர்ந்திருந்தது. அதிகம் உயர்ந்தவர்கள் யார்? அடிமட்டத்தில் இருந்த பிள்ளைகளே. "ஏறாது" என்று ஒதுக்கப்பட்ட அதே பிள்ளைகள்!

இதில் இன்னொரு செய்தியும் உண்டு, அதைக் கவனியுங்கள். பின்தங்கிய பிள்ளைகள் வெளியே போன இரண்டு மணி நேரமும் பழைய வகுப்பில் கூட்டம் குறைந்தது அல்லவா? அங்கேயே இருந்த பிள்ளைகளுக்கு அதனால் முன்னேற்றம் வந்ததா என்றும் பார்த்தார்கள். வரவில்லை. ஆகவே வகுப்பில் தலைகளைக் குறைப்பது மட்டும் போதாது. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அந்தப் படிக்கே இறங்கி, அங்கிருந்து கைப்பிடித்து ஏற்றவேண்டும். பலன் தந்தது அதுதான்.

மேசையைச் சுற்றி நால்வர்

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய அனுபவம் அன்று. 1984ல் அமெரிக்கக் கல்வியறிஞர் பெஞ்சமின் புளூம், தனி ஆசிரியர் ஒருவர் அருகிருந்து கற்பித்தால் சாதாரண மாணவன் வழக்கமான வகுப்பின் நூறு பேரில் தொண்ணூற்றெட்டுப் பேரை முந்துகிறான் என்று எழுதினார். அத்தனை பெரிய பலன் பின்வந்த ஆய்வுகளில் கிடைக்கவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. ஆனால் பலன் உண்டு என்பது உறுதியாயிற்று. 2020ல் அறிஞர் மூவர், சீட்டுக் குலுக்கும் முறையில் நடத்தப்பட்ட 96 ஆய்வுகளை ஒருங்கே வைத்து நோக்கினார்கள். அருகிருந்து கற்பிப்பது, கல்வியில் செய்து பார்க்கப்பட்ட முயற்சிகளுள் மிகச் சிறந்த பலன் தருவனவற்றில் ஒன்று என்பதே அவர்கள் கண்ட முடிவு.

"ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியரா? அதற்கு நாம் எங்கே போவது?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இங்கிலாந்தில் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து ஆசிரியர்களுக்கு எடுத்துரைக்கும் அறக்கட்டளை ஒன்று இதற்கு விடை தருகிறது. தனியொருவனாகப் படிக்கும் பிள்ளை ஓராண்டில் சராசரியாக ஐந்து மாதப் படிப்பைக் கூடுதலாகப் பெறுகிறது. இரண்டு முதல் ஐந்து பேர்வரை சேர்ந்து படிக்கும் சிறு குழுவிலோ நான்கு மாதம். வித்தியாசம் ஒரே ஒரு மாதம்! ஆகவே செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு வரும் தனி ஆசிரியரைக் கண்டு ஏங்கவேண்டியதில்லை. ஒரு மேசை, நான்கு பிள்ளைகள், கற்பிக்க ஓர் அக்கா. அதுவே ஏறக்குறைய அதே வேலையைச் செய்துவிடும்.

நம் மொழி பேசும் அயலிலும் சான்று உண்டு. கொள்ளைநோய்க்குப் பின் தமிழ்நாட்டு அரசு 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டத்தில் "இல்லம் தேடிக் கல்வி" என்ற திட்டத்தைத் தொடக்கியது. அந்தந்த ஊரின் தன்னார்வலர் ஒருவர், பெரும்பாலும் பெண், மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், இருபது பேருக்கு மேற்படாத பிள்ளைகளைத் திண்ணையிலோ கூடத்திலோ கோவில் முன்றிலிலோ உட்காரவைத்துக் கற்பித்தார். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. கிராமப்புறத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய 19,000 பேரை வீடுவீடாகச் சென்று பரீட்சித்த ஆய்வாளர்கள் கண்டது இது: பள்ளி திறந்து ஆறு மாதத்துக்குள், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கைப் பிள்ளைகள் மீட்டுக்கொண்டார்கள்; அந்த மீட்சியில் ஏறக்குறைய காற்பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே இவ்வகுப்புகளுக்கு அதிகம் வந்தார்கள் என்பதும் தெரியவந்தது.

தருமமா, கடனா?

இப்போது நம் முதற் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அருகே ஒருவர் அமர்ந்து கற்பித்துப் பார்க்காதவரை, எந்தப் பிள்ளையைப் பற்றியும் "படிப்பு ஏறாது" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. முன்பு அறியாமல் சொன்னோம், அதை மன்னிக்கலாம். அறிந்த பின்னும் சொன்னால் அது அறியாமை ஆகாது, அநீதியாகும். மலேரியாவுக்கு மருந்து இல்லாத காலத்தில் "அவன் விதி" என்று சொல்லி அழுதவனை யார் குறை கூறுவார்? மருந்து வந்த பின்னும் அதையே சொல்லிக்கொண்டு கைகட்டி நிற்பவனை என்ன சொல்வது?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பின்தங்கிய பிள்ளைக்கு உதவுவது இரக்கமுள்ளவர்கள் விரும்பினால் செய்யும் தருமமா? அல்லது செய்யாவிட்டால் குற்றமாகும் கடனா?

"எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடசாலை, ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர். இதற்கு மேல் ஒருவனுக்கு மட்டும் ஏன் கொடுக்க வேண்டும்? அது ஓரவஞ்சனை அல்லவா?" என்று சிலர் கேட்பர். உங்கள் வீட்டையே எண்ணிப் பாருங்கள், தாய்மாரே. நான்கு பிள்ளைகளில் ஒன்றுக்குக் காய்ச்சல். அன்றிரவு யார் பக்கத்தில் கண்விழித்து உட்காருகிறீர்கள்? மற்ற மூவரும் "அம்மா ஓரவஞ்சனை செய்கிறாள்" என்று வழக்குத் தொடுக்கிறார்களா? இல்லை. அந்த இரவில் நால்வரிடமும் சமமாகக் கால் கால் மணி நேரம் உட்கார்ந்து எழும் தாயைத்தான் ஊர் தூற்றும். அவரவருக்கு உரியதை அவரவருக்குக் கொடுப்பதே நீதி என்று புனித தோமா அக்குவினாசும் அவருக்கு முன் பழைய ஞானிகளும் கற்பித்தார்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு உரியது அடுத்த பாடம். தெரியாத பிள்ளைக்கு உரியது வாசிக்கும் கலை. இருவருக்கும் ஒரே பாடத்தை வைப்பது சமத்துவம் போலத் தோன்றும். உண்மையில் அது ஒருவனுக்கு உணவையும் மற்றவனுக்கு வெறும் இலையையும் பரிமாறுவது.

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. அதை வாய்விட்டுச் சொல்ல நாம் கூசுவோம். ஆனால் மனதில் எல்லோருக்கும் உண்டு. "என் பிள்ளையும் புலமைப்பரிசில் பரீட்சை எழுதப்போகிறது. அயல்வீட்டுப் பிள்ளையைத் தூக்கிவிட்டால் என் பிள்ளையின் இடம் போய்விடாதா?" வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி டியூஷனுக்குப் பணம் கட்டும் பெற்றோரின் அச்சம் இது. ஏளனம் செய்யத் தக்கதன்று. பரீட்சைப் புள்ளி ஓட்டப்பந்தயம் போன்றது. ஒருவன் முந்தினால் இன்னொருவன் பிந்துவான். ஆனால் வாசிக்கக் கற்பது பந்தயம் அன்று. ஒரு குத்துவிளக்கிலிருந்து இன்னொன்றை ஏற்றினால் முதல் விளக்கின் ஒளி குறைவதில்லை. கடைசி வாங்கில் இருப்பவன் தன் பெயரையும், மருந்துப் போத்தலில் ஒட்டியுள்ள குறிப்பையும், சம்பளச் சீட்டின் கழிவுகளையும் வாசிக்கக் கற்பதால் எந்தப் பிள்ளையின் இடமும் போவதில்லை. எழுத்தறியாதவனின் சம்பளச் சீட்டில் யார் யார் கை வைத்தார்கள் என்பது நம் தாத்தாமாருக்குத் தெரிந்த கதைதானே!

மேலும், கற்பிக்கும் பிள்ளையும் கற்கிறது. நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்றொருவன் இருப்பான். பெரிய பிள்ளை, சிறிய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பான். 1789 முதல் சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியொன்றை நடத்திவந்த அந்திரு பெல் என்ற ஸ்கொத்துலாந்துக்காரர், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு வியந்தார். பெரியவனைக் கொண்டு சிறியவனுக்குக் கற்பிக்கும் முறையைத் தம் விடுதியில் நடத்தி, 1797ல் இலண்டனில் அதுபற்றி நூல் வெளியிட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. 1982ல் அமெரிக்க ஆய்வாளர்கள் 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இவ்விதம் கற்றுக்கொண்ட மாணவன் மட்டுமல்ல, கற்றுக்கொடுத்த மாணவனும் பாடத்தில் முன்னேறியிருப்பதைக் கண்டார்கள். உங்கள் கெட்டிக்காரப் பிள்ளை அயல்வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரம் வீண்போகும் நேரம் அன்று.

எச்சரிக்கைகள்

நல்ல நோக்கம் மட்டும் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. ஆய்வுகள் நமக்குச் சில எச்சரிக்கைகளையும் தருகின்றன.

உத்தரப் பிரதேசத்தின் ஜோன்பூர் மாவட்டத்தில் கிராமத்துத் தொண்டர்கள் சம்பளமின்றி வாசிப்பு வகுப்புகள் நடத்தினார்கள். வந்த பிள்ளைகள் நன்றாக முன்னேறின. ஆனால் ஊரிலுள்ள பிள்ளைகளில் வந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேரே! கதவைத் திறந்து வைத்தால் போதாது. கடைசி வாங்குப் பிள்ளை தானாக வராது. அதற்கு வெட்கம். அதன் வீட்டுக்குப் போய், தாயிடம் பேசி, கைப்பிடித்து அழைத்து வரவேண்டும்.

இரண்டாவதாக, கூலியின்றிச் செய்பவர்களைவிட ஊதியமும் பயிற்சியும் பெற்றவர்கள் கற்பிப்பதில் பலன் கூடுதல் என்று அந்த 96 ஆய்வுகள் காட்டுகின்றன. பாடசாலை நேரத்துக்குள் நடப்பது, மாலையில் நடப்பதைவிடச் சிறந்தது என்றும் காட்டுகின்றன. சாதாரண தரம் சித்தியடைந்து, கொழும்பில் கடைவேலைக்கோ தையல் தொழிற்சாலைக்கோ போகக் காத்திருக்கும் பெண்பிள்ளைகள் நம் தோட்டங்களில் பலர். "சும்மாதானே இருக்கிறாய், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடேன்" என்று அவர்களை ஏவுவது எளிது. ஆனால் ஓர் அநீதியைத் தீர்க்க இன்னோர் அநீதியைச் செய்யலாகாது. அவளுடைய உழைப்புக்கும் கூலி உண்டு. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் அது ஒரு பெரிய தொகையன்று. கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக்கு நாம் கொடுப்பதைவிட அதிகமிராது.

மூன்றாவதாக, பலன் நிலைக்கத் தொடர்ச்சி வேண்டும். மும்பாய்ப் பிள்ளைகளிடம், தோழி விலகி ஓராண்டு சென்றபின் பார்த்தபோது, பெற்ற முன்னேற்றத்தில் பெரும்பகுதி கரைந்திருந்தது, முற்றாக மறையவில்லை. மூன்று நாள் நடத்திவிட்டுப் படம் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்பும் கருத்தரங்குகளால் யாருக்கும் எழுத்து வரப்போவதில்லை. திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைகிறது என்பதும் ஆய்வுகளில் தெரிகிறது. அதுவும் நமக்கு நற்செய்தியே. இது பெரிய நிறுவனங்களால் மட்டுமே முடியும் காரியம் அன்று. பிள்ளையின் பெயரும் அதன் வீடும் தெரிந்த சிறு கூட்டமே இதை நன்றாகச் செய்யும்.

"இது அரசாங்கத்தின் வேலை அல்லவா?" என்று கேட்பீர்கள். ஆம், அரசாங்கத்தின் வேலைதான். ஆசிரியரைக் கேட்போம், கட்டடத்தைக் கேட்போம், பாடசாலை நேரத்துக்குள்ளேயே இத்தகைய வகுப்பைக் கேட்போம், கேட்பதை விடக்கூடாது. ஆனால் பிள்ளையின் வயது கோரிக்கை மனுவுக்காகக் காத்திராது. இன்று நான்காம் தரத்தில் இருப்பவன், மனுவுக்குப் பதில் வரும்போது பாடசாலையை விட்டே போயிருப்பான்.

இன்னொரு மலைக்கிராமம்

இத்தாலியில், புளோரன்சு நகருக்கு வடக்கே, மலைச்சரிவில் பார்பியானா என்றொரு சிற்றூர் உண்டு. பட்டிப்பொலவைப் போல ஒதுக்கமானது. ஆனால் புகையிரதம்கூட எட்டாதது. 1954ன் இறுதியில் லொறென்சோ மிலானி என்ற இளம் குருவானவர் அங்கு அனுப்பப்பட்டார். அரசாங்கப் பள்ளிகள் "சித்தியடையவில்லை" என்று வெளியே தள்ளிய குடியானவர்களின் பிள்ளைகளைக் கூட்டித் தம் இல்லத்தில் பள்ளி தொடங்கினார். மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குக் கற்பித்தார்கள். பின்தங்கியவனுக்காக மற்றவர்கள் காத்திருந்தார்கள். அவனுக்குப் புரிந்த பிறகே பாடம் நகர்ந்தது. சுவரில் "ஐ கெயார்" என்ற ஆங்கிலச் சொற்கள். "எனக்கு அக்கறை உண்டு" என்பது பொருள்.

1967ல் அப்பள்ளியின் எட்டுச் சிறுவர்கள் சேர்ந்து ஓர் ஆசிரியைக்குக் கடிதம் எழுதுவது போல ஒரு நூல் எழுதினார்கள். பரீட்சையில் தள்ளப்படுபவர்கள் யார் யாருடைய பிள்ளைகள் என்று புள்ளிவிவரம் திரட்டி, பெரும்பாலோர் ஏழைகளின் பிள்ளைகளே என்று காட்டினார்கள். இத்தாலி நாடே திடுக்கிட்டது. "படிப்பு ஏறாது" என்று தள்ளப்பட்டவர்கள் எழுதிய நூல் அது! அது வெளிவந்த சில வாரங்களில், 44ஆம் வயதில், மிலானி அடிகள் நோயால் இறந்தார். ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், 2017ல், பாப்பரசர் பிரான்சிஸ் அந்த மலைக்கிராமத்துக்கு வந்து அவருடைய கல்லறையருகே செபித்தார்.

இன்று மாலையே

வாசகர்களே, பெரிய காரியம் எதையும் உங்களிடம் கேட்கவில்லை. உங்கள் லயத்தில், உங்கள் தெருவில், வாசிக்கத் தெரியாமல் தடுமாறும் மூன்று நான்கு பிள்ளைகளின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். கற்பிக்கத் தகுந்த ஓர் அக்காவை அல்லது அண்ணனைத் தேடுங்கள். ஆசிரியரிடம் போய், "இந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது?" என்று கேளுங்கள், அவரைப் பகைத்துக்கொள்ளாமல் அவருடைய துணையோடு செய்யுங்கள். கோவில் மண்டபமோ, கலாசார நிலையமோ, உங்கள் வீட்டு முன்னறையோ போதும். வாரத்தில் மூன்று நாளாவது, தவறாமல், அதே நேரம், அதே அக்கா. வயதைப் பார்த்துப் பிரிக்காமல் படியைப் பார்த்துச் சேருங்கள். உங்கள் பிள்ளைக்கென்று டியூஷன் ஆசிரியர் வீட்டுக்கு வருகிறாரா? அதே மேசையில் இன்னும் ஓர் இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்பிள்ளை மருத்துவராக வரவேண்டும் என்பதில்லை. அதுவும் கொழுந்து எடுக்கலாம், கிழங்கு பயிரிடலாம், வாகனம் ஓட்டலாம். எல்லாம் கண்ணியமான தொழிலே. ஆனால் அது தேர்ந்துகொண்டதாக இருக்கவேண்டும். வேறு வழியின்றித் தள்ளப்பட்டதாக இருக்கக்கூடாது.

அந்தத் தாய் அடுத்த முறை பாடசாலைக்கு வரும்போது, "அவனுக்குப் படிப்பு ஏறாதுங்க" என்று சொல்லும்முன் யாராவது ஒருவர் அவளை மறித்து, "ஏறாதுன்னு சொல்லாதீங்க அம்மா. இதுவரைக்கும் யாரும் பக்கத்துல உக்காந்து ஏத்திவிடல்ல. சாயங்காலம் எங்க வீட்டுக்கு அனுப்பி வையுங்க" என்று சொல்லட்டும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கக்கூடாதா?